மின்சாரக் காருக்கு ஏன் ஒரே கியர்?

மலைப்பாதை:
பெட்ரோல் காரில் 5, 6 கியர் இருக்கு. லாரியில் அதுக்கும் மேல. மின்சாரக் காரில் மட்டும் டி, என், ஆர் என்று மூணு எழுத்தோடு கதை முடியுது. ஷோரூமில் கேட்டால் "இதுல கியரே கிடையாது சார்" என்கிறார்கள். கியர் என்பது புல்லிங்குக்கும் வேகத்துக்கும் நடுவில் இருக்கிற பண்டமாற்று. அந்தக் கணக்கு மோட்டாருக்கும் பொருந்தணும் இல்லையா? ஏத்தத்துக்கு ஏற்ற விகிதம் வைத்தால் டாப் ஸ்பீடு அடிபடும், டாப் ஸ்பீடுக்கு வைத்தால் ஏத்தத்தில் திணறும். போர்ஷே டைகானில் 2 கியர் வைத்திருக்கிறார்கள். அப்போ மற்ற கம்பெனிகள் செலவு மிச்சம் பிடிக்கத்தான் ஒன்றோடு நிறுத்திட்டாங்களா?

பல்சக்கரம்:
முதலில் அந்த ஷோரூம் பதிலைத் திருத்திவிடலாம். கியர் இருக்கிறது. மாற்ற முடியாது, அவ்வளவுதான். மோட்டாருக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் இரண்டு கட்டமாகச் சுற்றைக் குறைக்கும் ஒரு பெட்டி உண்டு. முதல் பி.எம்.டபிள்யூ ஐ3-யில் விகிதம் (சக்கரம் ஒரு சுற்று சுற்ற மோட்டார் எத்தனை சுற்று) சுமார் 9.7, டெஸ்லா மாடல் 3-ல் சுமார் 9, நிசான் லீஃபில் சுமார் 8. சாதாரணப் பெட்ரோல் காரின் இரண்டாவது கியரை டிஃபரென்ஷியல் விகிதத்தோடு பெருக்கிப் பாருங்கள், 8 பக்கம் வரும். ஆக, இந்தக் கார்கள் எல்லாம் இரண்டாவது கியரிலேயே ஓடுகின்றன என்று வைத்துக்கொள்ளலாம். வித்தியாசம், இங்கே மோட்டார் நிமிடத்துக்கு 11,000 சுற்றுவரை போகும்.

பெட்ரோல் எஞ்சினால் 800 ஆர்பிஎம்முக்கு (நிமிடத்துக்கு 800 சுற்று) கீழே ஓடவே முடியாது. உருப்படியான டார்க் (சுழற்றும் விசை) 1,500-க்கு மேல்தான், 6,200 போனால் கட். அதாவது பயன்படும் எல்லை ஏறக்குறைய 1-க்கு 4. காரின் வேகமோ 0-லிருந்து 150 வரை. இந்தச் சின்ன ஜன்னலை அந்தப் பெரிய எல்லைமேல் நகர்த்தி நகர்த்தி வைக்கத்தான் 5 கியர். 0-லிருந்து கிளம்பும் அந்த முதல் சில மீட்டருக்குத்தான் கிளட்ச்.

மோட்டார் 0 ஆர்பிஎம்மிலேயே முழு டார்க் தரும். அடிப்படை வேகம் என்று ஒரு புள்ளி இருக்கிறது, அதுவரை டார்க் மாறாது. அதைத் தாண்டினால் பவர் மாறாது, டார்க் மட்டும் வேகத்துக்கு ஏற்பக் குறைந்துகொண்டே வரும். பண்டமாற்று உண்டுதான். மோட்டார் அதைத் தானே செய்துகொள்கிறது.

மலைப்பாதை:
புரியுது சார், ஆனா எண் போட்டுக் காட்டினால் தேவலை. "0-லேயே முழு டார்க்" என்பதை எல்லாரும் சொல்றாங்க. அது போதுமா போதாதா என்பதை யாரும் சொல்வதில்லை.

ரோட்டார்:
நான் போடுறேன். ஒரு நடுத்தரக் கார்: மோட்டார் 250 நியூட்டன் மீட்டர், 105 கிலோவாட், விகிதம் 9. டயர் 215/60 ஆர்16, ஒரு சுற்றுக்கு 2.05 மீட்டர். இரண்டு பேரோடு எடை 1,650 கிலோ.

250-ஐ 9-ஆல் பெருக்கினால் சக்கரத்தில் 2,250 நியூட்டன் மீட்டர். சக்கர ஆரம் 0.326 மீட்டர், எனவே தரையில் 6,900 நியூட்டன் தள்ளு விசை. 30 சதவீத ஏத்தத்தில் நின்று கிளம்ப, உருளும் தடையையும் சேர்த்து, 4,900 போதும். கையில் 2,000 மிச்சம்.

இப்போ மேல் முனை. 150 கிமீ வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு 1,220 சுற்று, மோட்டார் 11,000. இன்றைய மோட்டாருக்கு அது சர்வ சாதாரணம்.

நடுவில் அடிப்படை வேகம் எங்கே வருது? 105 கிலோவாட்டை 250-ஆல் வகுத்தால் 4,000 ஆர்பிஎம், அதாவது 55 கிமீ. 55 வரைக்கும் 6,900 நியூட்டன். அதுக்கப்புறம் 105 கிலோவாட்டை வேகத்தால் வகுத்தால் என்ன வருதோ அதுதான் விசை.

இந்த இடத்தைத்தான் பலர் கவனிப்பதில்லை. 55-க்கு மேலே எத்தனை கியர் வைத்தாலும் சக்கரத்துக்குப் போவது அதே 105 கிலோவாட்தான். 80 கிமீயில் 'கீழ் கியர்' போட்டால் விகிதம் இரட்டிப்பாகும், மோட்டார் சுற்றும் இரட்டிப்பாகும், மோட்டாரின் டார்க் பாதியாகும், சக்கரத்தில் அதே விசை. பெட்ரோலில் ஓவர்டேக் பண்ண 4-லிருந்து 3 போட்டால் வண்டி பாய்வது ஏன்? எஞ்சின் 2,000 ஆர்பிஎம்மில் பவர் இல்லாமல் உட்கார்ந்திருக்கு, அதை 4,000-க்குத் தூக்கி பவரை எடுக்கிறோம். மோட்டாரில் அந்தப் பவர் ஏற்கனவே அங்கே இருக்கு.

ஆக கியர் உதவக்கூடிய இடம் இரண்டே இரண்டு: 55-க்குக் கீழே, அப்புறம் மோட்டார் மூச்சு வாங்கும் கடைசி எல்லை.

அரைவட்டு:
55-க்குக் கீழேயும் பெரிசாக உதவாது, அதையும் சேர்த்துக்கோங்க. முன்சக்கர ஓட்டம் என்றால் முன்னால் விழும் எடை ஏறக்குறைய பாதி, வேகம் எடுக்கும்போது அதிலும் கொஞ்சம் பின்னால் சாயும். காய்ந்த தார் ரோட்டில் உராய்வு 0.9 என்று வைத்தாலும் டயர் தாங்குவது 7,200 நியூட்டன் பக்கம்தான். மேலே வந்த 6,900 கிட்டத்தட்ட அதைத் தொட்டாச்சு. இன்னொரு முதல் கியர் வைத்து 12,000 ஆக்கினால், சக்கரம் வழுக்காமல் காக்கும் டிராக்ஷன் கண்ட்ரோல் அதை வெட்டி எறியும். மழை ரோட்டில் 4,000-க்கே சக்கரம் வழுக்கும். ரோட்டில் இறக்க முடியாத விசைக்குக் காசு கொடுத்து கியர்பாக்ஸ் வாங்குவானேன்?

மலைப்பாதை:
சரி, நின்ற இடத்திலிருந்து கிளம்புவது ஒரு நொடி வேலை. மலையில் அரை மணி நேரம் தொடர்ந்து ஏறும்போது? பீக் டார்க் கொஞ்ச நேரத்துக்குத்தான் என்று படித்தேன்.

ரோட்டார்:
நல்ல கேள்வி. 250 என்பது சில பத்து நொடிக்கான எண். தொடர்ந்து தரக்கூடியது பல மோட்டார்களில் அதில் பாதிதான், சிலதில் அதுக்கும் கீழே. குறைந்த சுற்றில் அதிக டார்க் கேட்டால் கம்பிச்சுருளில் கரண்ட் ஏறும், சூடு கரண்டின் வர்க்கத்தில் ஏறும்.

ஆனா மலை கேட்பது எவ்வளவு? 10 சதவீத ஏத்தம், 30 கிமீ வேகம், அதே கார். தேவையான விசை 1,780 நியூட்டன். மோட்டாரில் 64 நியூட்டன் மீட்டர், 15 கிலோவாட். 250-இல் கால் பங்கு. அஞ்சு பேர், லக்கேஜ் என்று 1,900 கிலோ ஆக்கினாலும் 75 தாண்டாது. ஊசி வளைவில் ஒரு கணம் 20 சதவீதம் வரும், அதுவும் 140 பக்கம்தான். மலையில் வண்டி 'பவர் குறைக்கப்பட்டது' என்று காட்டினால் முதலில் கூலன்ட் அளவையும் பம்பையும் பாருங்க, அப்புறம் பேட்டரி சூட்டைப் பாருங்க. கியர் இல்லாததால் வருவது இல்லை.

ஸ்பேனர்:
ஏத்தத்தைவிட இறக்கம்தான் யோசிக்க வேண்டியது. பெட்ரோல் காரில் இரண்டாவது கியர் போட்டு எஞ்சின் பிரேக்கில் இறங்குவோம். இங்கே அந்த வேலையை ரீஜென் செய்யுது, அதாவது மோட்டாரே ஜெனரேட்டராகி வண்டியைத் தடுத்து பேட்டரியை சார்ஜ் பண்ணுது, பேட்டரியில் இடம் இருந்தால். ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை ஏறக்குறைய 1,900 மீட்டர் இறக்கம். 1,650 கிலோ காருக்கு அது 8.5 யூனிட் ஆற்றல். உருளும் தடை, காற்று போக பேட்டரிக்குத் திரும்புவது 4 யூனிட் பக்கம். 30 யூனிட் பேட்டரி என்றால் 13 சதவீதம். மேலே 100 வரை சார்ஜ் போட்டுக் கிளம்பினால் ரீஜென் கை விரிக்கும், எல்லாம் பிரேக் பேட் தலையில் விழும். 80, 85-இல் நிறுத்திக் கிளம்புங்க.

இன்னொன்று, ஈகோ, சிட்டி, ஸ்போர்ட் என்று இருப்பதைச் சிலர் கியர் என்று நினைக்கிறாங்க. ஆக்சிலரேட்டர் எவ்வளவு மிதித்தால் எவ்வளவு கரண்ட் என்ற மென்பொருள் கணக்கு அது. விகிதம் அதே 9. ரிவர்ஸும் அப்படியே, மோட்டார் எதிர்த்திசையில் சுத்துது, தனிப் பல்சக்கரம் கிடையாது.

மலைப்பாதை:
அப்போ டைகான்?

பல்சக்கரம்:
டைகான் அந்த இரண்டு முனைகளையும் ஒரே காரில் கேட்கிறது. பின் ஆக்சிலில் மட்டும் 2 கியர்: முதலாவது ஏறக்குறைய 15, இரண்டாவது ஏறக்குறைய 8. முன் ஆக்சிலில் ஒன்றுதான். நான்கு சக்கர ஓட்டம், அகலமான பின் டயர், பின்னால் சாயும் எடை, எல்லாம் சேர்ந்து ரோட்டில் இறக்கக்கூடிய விசை அங்கே அதிகம். 15 விகிதம் வீணாகாது. அதே 15-ஐ வைத்துக்கொண்டு 260 கிமீ போக வேண்டுமானால் மோட்டார் 30,000 பக்கம் சுற்ற வேண்டும், அதன் எல்லை 16,000. அதனால் இரண்டாவது. கவனியுங்கள், சாதாரண மோடில் அது பெரும்பாலும் இரண்டாவது கியரிலேயே கிளம்பிவிடும். தினசரி ஓட்டத்துக்கு முதல் கியர் தேவையில்லை என்று அதைச் செய்தவர்களே ஒத்துக்கொண்ட மாதிரி.

டெஸ்லா மாடல் எஸ் பிளெய்ட் எதிர்வழியில் போனது. மோட்டாருக்குள் சுழலும் ரோட்டாரைக் கார்பன் இழையால் சுற்றி 20,000 ஆர்பிஎம் ஆக்கி, ஒரே கியரில் 322 கிமீ வரை கொண்டுபோனார்கள். ஹூண்டாய் ஐயோனிக் 5 என் மோட்டாரும் 21,000 வரை போகும். கியர் சேர்ப்பதா, சுற்றைக் கூட்டுவதா என்ற போட்டியில் இதுவரை பெரும்பாலும் சுற்றுதான் ஜெயித்திருக்கிறது. மோட்டாரின் பருமன் டார்க்கைப் பொறுத்தது. அதே பவரை அதிகச் சுற்றில் எடுத்தால் செம்பும் காந்தமும் குறையும்.

ரோட்டார்:
சுற்றும் இலவசம் இல்லை, அதையும் சொல்லணும். 4 ஜோடி துருவ மோட்டார் 11,000-இல் 733 ஹெர்ட்ஸ், 16,000-இல் 1,067 ஹெர்ட்ஸ். இரும்பு இழப்பு அதிர்வெண்ணோடு ஏறும், அதனால் மோட்டாரின் இரும்புத் தகடு மெலிசாகணும். காந்தத்தைப் பிடித்திருக்கும் மெல்லிய இரும்புப் பாலம் மையவிலக்கில் கிழியாமல் இருக்கணும். வேகத்தில் மோட்டார் உண்டாக்கும் எதிர் மின்னழுத்தத்தை அடக்க, டார்க் தராத கரண்டை வேறு ஓட்டிக்கொண்டே இருக்கணும். 120-இல் நீண்ட நேரம் போகும்போது ரேஞ்ச் சரிவதுக்குக் காற்றுதான் முதல் குற்றவாளி, இது இரண்டாவது.

அதனால்தான் 2025-இல் வந்த மெர்சிடீஸ் சி.எல்.ஏ மின்சாரக் காரில் பின்னால் 2 கியர் வைத்தாங்க: 11, 5. ஜெர்மனியின் ஆட்டோபான் நெடுஞ்சாலையில் 5 விகிதத்தில் மோட்டாரைத் தணிவாகச் சுத்தவிட்டு மிச்சம் பிடிக்கும் யோசனை. 2019-இல் உதிரிபாகக் கம்பெனி இசட்.எஃப் காட்டிய 140 கிலோவாட் இரட்டைக் கியர் அமைப்புக்கு அவங்களே சொன்ன லாபம் 5 சதவீதம்வரை. அந்த 5 சதவீதத்தை பேட்டரியில் 2, 3 யூனிட் கூட்டியும் வாங்கலாம். எது மலிவு என்பது பேட்டரி விலையைப் பொறுத்தது, பேட்டரி விலை இறங்கிக்கிட்டே இருக்கு. 80-இல் வேகக்கட்டுப்பாடு போட்ட ரோட்டில் அந்த 5 சதவீதமும் கிடைக்காது.

அரைவட்டு:
மாற்றும் வேலையே ஒரு தலைவலி. 10,000-இல் சுத்துற ரோட்டாரை 5,500-க்கு இறக்கணும். ரோட்டாரின் சுழல் நிலைமம் 0.04 கிலோ-சதுர மீட்டர் என்று வைத்தால் 15 கிலோஜூல் எடுக்கணும். கியர் சேரும்முன் சுற்றுகளைச் சமமாக்கும் சிங்க்ரோ வளையத்தின் மேல் அதை விட்டால் கொஞ்ச நாளில் தேய்ந்து போகும். மோட்டாரே தன்னை இறக்கிக்கொண்டால் 100 கிலோவாட்டில் 0.15 நொடி. ஆனா அந்த 0.15 நொடியும் பல் கழன்று சேரும் நேரமும் சக்கரத்துக்கு விசை இல்லை. ஓசையே இல்லாத காரில் அந்த இடைவெளி 'டக்'கென்று தெரியும். பிரேக் மிதித்து ரீஜென் நடக்கும் நேரத்தில் மாற்றம் விழுந்தால் இன்னும் மோசம், அந்தக் கணம் முழுப் பாரத்தையும் ஹைட்ராலிக் பிரேக் வாங்கிக்கொள்ளணும். விசை அறுபடாமல் மாற்ற ஆயிலில் ஓடும் ஈரக் கிளட்ச் தேவை, அதுக்கு ஆயில் பம்ப், அது எந்நேரமும் தின்னும் கரண்ட், இழுவை இழப்பு. 5 சதவீதத்தில் ஒரு பகுதி அங்கேயே போச்சு.

பல்சக்கரம்:
இதற்கு நடந்த உதாரணமே இருக்கிறது. 2008 டெஸ்லா ரோட்ஸ்டருக்கு முதலில் திட்டமிட்டது 2 கியர். 0-லிருந்தே வரும் டார்க்கோடு அதிவேகச் சுற்றில் மாற்றுவதை அந்தப் பெட்டி தாங்கவில்லை. ஆரம்ப வண்டிகளை இரண்டாவது கியரில் பூட்டியே கொடுத்தார்கள். பிறகு பேட்டரி கரண்டை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றித்தரும் இன்வெர்ட்டரில் கரண்டைக் கூட்டி, போர்க்வார்னர் என்ற உதிரிபாகக் கம்பெனியிடமிருந்து 8.28 விகிதத்தில் ஒற்றைக் கியர் வாங்கிப் போட்டார்கள். கியர்பாக்ஸ் செய்ய வேண்டிய வேலையை இன்வெர்ட்டரிடம் ஒப்படைத்த கதை அது.

லாரிக்காரன்:
கார் கதை சரி. கனரக வண்டியில் கியர் திரும்ப வருது. வோல்வோ எஃப்எச் எலெக்ட்ரிக்கில் 2 அல்லது 3 மோட்டார், பின்னாடி டீசல் லாரியில் இருக்கிற அதே ஐ-ஷிஃப்ட் 12 கியர் குடும்பம். மெர்சிடீஸ் இ-ஆக்ட்ரோஸ் 600-இல் 4 கியர். 40 டன்னை 15 சதவீத ஏத்தத்தில் நிறுத்திக் கிளப்பினால் தரையில் 60,000 நியூட்டனுக்கு மேல வேணும், அதே வண்டி சமதளத்தில் 80-இல் மணிக்கணக்கா ஓடணும். அந்த மணிக்கணக்கில் 2 சதவீதம் மிச்சம்னாலும் காசு. டெஸ்லா செமி வேற வழி: 3 மோட்டார், விகிதம் வேறவேற, ஒன்று எப்பவும் ஓட, மற்ற ரெண்டும் ஏத்தத்துக்கும் வேகமெடுக்கவும் மட்டும். மாத்தாத கியர், ஆனா ரெண்டு விகிதம்.

ஸ்பேனர்:
இரண்டு சக்கரத்தையும் சொல்லிடுங்க. டிவிஎஸ் ஐக்யூப் ஹப் மோட்டார், சக்கரத்துக்குள்ளேயே, 140 நியூட்டன் மீட்டர் என்று போட்டிருக்கும். ஏத்தர் 450எக்ஸ்-இல் 26 தான். கடையில் இதை வைத்து 'அஞ்சு மடங்கு புல்லிங்' என்று பேசுவாங்க. 140 சக்கரத்தில் அளந்தது, 26 மோட்டார் தண்டில் அளந்தது. 26-ஐ அந்த வண்டியின் குறைப்பு விகிதத்தால் பெருக்கிவிட்டுத்தான் ஒப்பிடணும். அகமதாபாத் மேட்டர் ஏரா பைக்கில் 4 கியர் வைத்திருக்காங்க. கியர் போடும் சுகத்துக்குக் காசு கொடுக்க ஆள் இருக்கிற வரை அது தப்பில்லை.

மலைப்பாதை:
பழைய ஆம்னி, மாருதி 800-ஐ மின்சாரமாக மாற்றுபவர்கள் மட்டும் பழைய கியர்பாக்ஸை ஏன் அப்படியே விடுறாங்க?

கன்வர்ஷன் கடை:
கிட்டில் வர்ற மோட்டார் பெரும்பாலும் 72, 96 வோல்ட், 5,000 ஆர்பிஎம் மேல போகாது. காரின் இரண்டாவது கியரில், மொத்த விகிதம் 8 என்று வைத்தால், 5,000-இல் 60 சொச்சம் கிமீயோடு நின்னுடும். மூணாவதில் 5.4, அப்போ 90, 100 பக்கம் வரும். ஊருக்குள்ள ரெண்டு, பைபாஸில் மூணு. முதல் கியர் வேண்டவே வேண்டாம். ஆம்னி எஞ்சின் 60 நியூட்டன் மீட்டர் பக்கம்தான், அதுக்குச் செஞ்ச பெட்டி. மோட்டார் அதைப்போல ரெண்டு மடங்கு 0-லேயே கொடுக்கும். முதல் கியரில் வச்சு மிதிச்சா புரொப்பல்லர் ஷாஃப்ட் கிராஸ் போகும், இல்லேன்னா டிஃபரென்ஷியல் பல் போகும். கண்ட்ரோலரில் டார்க் ஏறும் நேரத்தை அரை நொடிக்காவது இழுத்து விடணும்.

எல்லாரும் கோட்டை விடுற இடம், மோட்டாரையும் கியர்பாக்ஸையும் இணைக்கிற அடாப்டர் பிளேட். மோட்டார் தண்டும் கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட்டும் ஒரே நேர்கோட்டில் இருக்கணும், டயல் கேஜ் வச்சுப் பாத்தா 0.05 மிமீக்குள்ள. ஆம்னி மாதிரிப் பின்சக்கர வண்டியில் இன்புட் ஷாஃப்ட் நுனியை கிராங்கில் இருக்கிற பைலட் பேரிங் தாங்கும். எஞ்சினைக் கழட்டினா அந்தப் பேரிங்கும் கூடவே போயிடுது. கப்ளரில் அதுக்கு இடம் கடைஞ்சு வைக்கலேன்னா ஷாஃப்ட் ஆடும், முன் சீல் ஒழுகும், அப்புறம் பேரிங் கத்தும்.

கிளட்சை எடுத்துட்டா கியர் மாத்தும்போது ஆக்சிலரேட்டரை விட்டு ஒரு ரெண்டு நொடி பொறுக்கணும், ரோட்டார் இறங்குறதுக்கு. அவசரப்பட்டா சிங்க்ரோ தேயும். வேகமா போகும்போது தவறிக் கீழ் கியர் விழுந்தா பெட்ரோலில் வால்வு வளையும். இங்கே 60 கிமீயில் முதல் கியர் விழுந்தா மோட்டார் 7,000 தாண்டும், எதிர் மின்னழுத்தம் கண்ட்ரோலர் கெப்பாசிட்டரை அடிச்சுரும். அதனால முதல் கியர் பக்கம் லீவர் போகாம தகடு வச்சு அடைச்சிடுறது உத்தமம். ஒப்புதல் வாங்கின கிட்டா, ஆர்.சி.யில் ஏறுமான்னு ஆர்டிஓ ஆபீசில் கேட்டுட்டு வேலையைத் தொடங்குங்க.

மலைப்பாதை:
கடைசியா ஒண்ணு. ஒரே கியர் என்றால் அந்தப் பெட்டிக்குப் பராமரிப்பே வேண்டாமா? 60-க்கு மேல் போனால் விசில் மாதிரி ஒரு சத்தம் வருது.

ஸ்பேனர்:
மெல்லிசா விசில் எல்லா வண்டியிலும் உண்டு. மோட்டார் பக்கத்துச் சின்னப் பல்சக்கரத்தில் (இன்புட் பினியன்) 23 பல், 60 கிமீயில் மோட்டார் 4,400 என்றால் நொடிக்கு 1,690 தடவை பல் மோதும். 150-இல் அது 4,200. காது ரொம்பக் கூர்மையாகக் கேட்கும் எல்லை அதுதான், மறைக்க எஞ்சின் சத்தமும் இல்லை. புதுசிலிருந்தே ஒரே அளவில் இருந்தால் விட்டுடுங்க.

கூடிக்கிட்டே போனால் இப்படிப் பாருங்க. ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது ஒரு மாதிரி, விட்டு ரீஜென் வரும்போது வேற மாதிரி என்றால் பல் பக்கம். சாய்வாக வெட்டிய ஹெலிக்கல் பல் என்பதால் ரீஜெனில் பக்கவாட்டு உந்தல் திசை மாறும், தேய்ந்த பல் அப்போ காட்டிக்கொடுக்கும். மிதித்தாலும் விட்டாலும் ஒரே 'ஊ' என்று வேகத்தோடு மட்டும் ஏறினால் பேரிங். இன்வெர்ட்டர் ஸ்விட்ச்சிங்கால் தண்டில் ஏறும் மின்னழுத்தம் பேரிங் வழியா எர்த் ஆகும்போது பொறி விழுந்து, பாதையில் வரிவரியாகப் பள்ளம் விழும். இதைத் தடுக்கச் சில மோட்டார்களில் எர்த் பிரஷ் இருக்கும், தேய்ந்திருக்கா என்று பார்க்கச் சொல்லுங்க.

ஆயில் ஒரு லிட்டர் பக்கம்தான், மேனுவலில் சொன்ன கிரேடு தவிர வேறு ஊத்த விடாதீங்க. டிரெயின் பிளக் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருந்தால் சாதாரணம். விரல் நுனியில் எடுத்துத் தேய்த்துப் பாருங்க. நறநறன்னு தட்டினாலோ மினுமினுக்கும் செதில் தெரிந்தாலோ அந்த ஆயிலைக் கொட்டாமல் பாட்டிலில் பிடித்து வைத்துக்கொண்டு வாரண்டியில் எழுதிக் கேளுங்க.